கன்னிமார் தோப்பில் புல் வெட்டியது

புல் வெட்டும் மெஷினோடு வேலைக்குப் போக ஆரம்பித்துச் சில வருசம் ஆகிறது. கையிலும் காலிலும் எல்லா விரலும் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தோளில் மாட்டி வெட்டும் இந்த மெஷின் என் வீட்டுக்காரருடையது. போடியைச் சுற்றி மலையடித் தோப்புகளில் புல் வெட்டுவார். ஒரு மழைநாளில் ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்தார். முழங்கால் போயிற்று. நடக்கலாம், எதையும் சுமக்கக் கூடாது என்றார் டாக்டர். மெஷின் மூலையில் கிடந்தது. நான் எடுக்கட்டுமா என்றேன். அவர் யோசித்தார். பிறகு பிளேடு நட்டைக் கழற்றச் சொன்னார். அது மற்ற நட்டு மாதிரி இல்லை, எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும். கழற்றினேன். சரி என்றார்.

சேலையோடு அந்த வேலை ஆகாது. முந்தானை ஒரு தரம் பறந்தால் போதும், பிளேடு இழுத்துக்கொள்ளும். அவருடைய பேண்ட்டை மாட்டி இடுப்பில் கயிறு கட்டினேன். முழுக்கைச் சட்டை போட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி. பூட்ஸ் மட்டும் எனக்கென்று வாங்கியது.

முதல் நாள் காலையில் மலைக்குப் போகிற அதே ஜீப்பில்தான் ஏறினேன். போகிற வழியில் தோப்புப் பக்கம் இறங்கிக்கொள்ளலாம். கூட வேலை பார்த்த பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்.

"மதினி, அண்ணே சேலையக் கட்டிக்கிட்டு வீட்ல இருக்குதோ?"

"ஆமா. புளிக்கொழம்பு வைக்கிது."

ஜீப்பே சிரித்தது. அன்றைக்கு அவர் வைத்தது உண்மையிலேயே புளிக்குழம்புதான்.

நான் வெட்டப் போன மாந்தோப்பு ஒரு வயசான ஆத்தாவுடையது. புருசன் போன பிறகு எல்லாம் அவர் பார்வைதான். பக்கத்துத் தோப்புகள் அவருடைய சொந்தக்காரர்களுடையவை. அவர் வேண்டாம் என்றால் அந்த மலையடியில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் சரி என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

தோப்பின் மேல்கோடியில் ஒரு புளியமரம். அதன் அடியில் கன்னிமார், ஏழு கல். வெள்ளிக்கிழமை அங்கே பொங்கல் வைப்பதாக இருந்தது. புல் இடுப்புயரம் நின்றது. கல்லே தெரியவில்லை.

மதியம் வரை கீழே வெட்டி முடித்தேன். பிளேடில் புல் சுற்றிக்கொண்டபோதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை வைத்தேன். புளியமரத்தை நெருங்கியபோது ஆத்தா வருவது தெரிந்தது. ஆள் வந்தால் நிறுத்துவது என் வழக்கம். நிறுத்தினேன்.

சாமி எல்லை வந்துவிட்டது, பூட்ஸைக் கழற்றிவிட்டு வெட்டு என்றார். உன் புருசன் வருசா வருசம் இங்கே வெறுங்காலோடுதான் வெட்டினான் என்றார். உண்மைதான். இங்கே வெட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

"நான் வெட்ட மாட்டேன் ஆத்தா."

"கன்னிமாரு பாத்துக்கிருவாகத்தா. இங்க யாரு காலும் போனதில்ல."

"கன்னிமாரு பாப்பாக. பிளேடு பாக்காது."

ஆத்தாவுக்கு முகம் மாறியது. அப்படியானால் கிளம்பு, ஆம்பளை ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

தோப்புக் காவல்காரர் பக்கத்தில் நின்றார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். காலில் ஒன்றும் இல்லை. "கொண்டா மதினி, நான் வெரசா வெட்டிப்புடுறேன்" என்று கையை நீட்டினார். கொடுத்திருந்தால் வேலை கையை விட்டுப் போயிருக்காது. ஆத்தாவும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

மெஷினைக் கீழே இறக்கினேன். இன்ஜின் பிளக்கின் மேல் செருகியிருக்கும் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அது இல்லாமல் யார் கயிற்றை இழுத்தாலும் மெஷின் ஓடாது. அப்புறம் பூட்ஸைக் கழற்றினேன். காவல்காரர் இடுப்பிலிருந்த அருவாளைக் கேட்டு வாங்கினேன். குத்தவைத்துக் கையாலேயே அறுக்க ஆரம்பித்தேன். ஆத்தா போகச் சொன்னார்தான். நான் போகவில்லை.

அறுக்க அறுக்க உள்ளே கிடந்தது வெளியே வந்தது. நேர்ந்து போட்ட கண்ணாடி வளையல்கள், அகல் சில்லு, துருப்பிடித்த வேல் ஒன்று. எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு ஒரு கல் தட்டுப்பட்டது. ஏழில் ஒன்று சாய்ந்து, புல்லுக்குள் படுத்திருந்தது. மெஷினோடு வந்திருந்தால் பிளேடு நேராக அதில்தான் விழுந்திருக்கும்.

ஆத்தா குனிந்து அதைத் தொட்டார். வெகுநேரம் தொட்டபடியே இருந்தார்.

"தூக்கி நிறுத்துத்தா" என்றார்.

ஆத்தாவும் நானுமாகப் பிடித்து நிறுத்தினோம். முழுவதும் அறுத்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. ஆத்தா சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி, புளியமரத்தைச் சுற்றி வட்டமாக வைத்தார். காவல்காரரைக் கூப்பிட்டு, "யாரு வந்தாலும் மெஷினு இந்தக் கல்லுக்கு வெளிய நிக்கணும். உள்ள அருவாதான்" என்றார். வெளியே வெறுங்காலோடு எவனாவது மெஷின் ஓட்டினால் தோப்பை விட்டுத் துரத்திவிடவும் சொன்னார். நான் கிளம்பும்போது, தன் தம்பி தோப்புக்கு என்றைக்கு வருகிறாய் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பிளேடைக் கழுவித் துடைத்தேன். காற்று போகும் ஃபில்டரைத் தட்டினேன். வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். கன்னிமார் கிட்டே எப்படி வெட்டினாய் என்றார். சொன்னேன். அத்தனை வருசம் அங்கே வெறுங்காலாக நின்ற தன் காலைப் பார்த்தார். பிறகு அரத்தை எடுத்து, நாளைய வேலைக்குப் பிளேடைத் தீட்டினார்.