காலர்லேருந்து தொடங்குற பாண்டித்துரை

எனக்குப் பேத்தி பொறந்திருக்கா. மட்டாஞ்சேரியில இத நான் சொல்லாம விட்ட ஆளே கெடையாது. சாயாக்கடை, சுக்கு குடோன், பஸ் ஸ்டாப்பு, எல்லா எடத்துலயும் சொல்லியாச்சு. தேச்ச துணி வாங்க வந்த ஒருத்தரு, "இசக்கிமுத்து சேட்டா, இது இன்னலயும் பறஞ்ஞல்லோ"ன்னாரு. மலையாளத்துல, நேத்தும் சொன்னீங்களேன்னு அர்த்தம். சொன்னா என்ன, நல்ல சேதி தேஞ்சா போயிரும்?

ஆனா இப்பச் சொல்ல வந்தது பேத்தியப் பத்தி இல்ல. அவ காதுல பேரு சொன்ன ஆளப் பத்தி. எம் பொஞ்சாதி மாயம்மாளோட தம்பி, பாண்டித்துரை. எங்க தேய்ப்புக்கடையில என்கூடவே நின்னு இஸ்திரி போடுறவன்.

துரை வாலிபத்துல இங்க குடோன்ல மூட்ட தூக்குனான். நல்ல திடமான ஆளு. ஒரு நா யாருமே இல்லாத எடத்தப் பாத்து, "ஏன்டா என்னயவே பேசுதே?"ன்னு சத்தம் போட ஆரம்பிச்சான். காதுக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காங்கன்னான். தூங்கல, சாப்பிடல. ஆஸ்பத்திரியில ஸ்கீசோஃப்ரீனியான்னு சொன்னாங்க. அந்த வார்த்த என் வாய்க்குள்ள நுழையவே ரொம்ப நாளாச்சு. மருந்து மாத்திரையில அந்தக் குரல் எல்லாம் மெதுவா அடங்கிருச்சு. சரி, பழைய துரை வந்துட்டான்னு நெனச்சோம்.

வந்தான், முழுசா வரல. பாலும் மல்லித்தழையும் வாங்கிட்டு வாடான்னா, பால வாங்கிட்டு ரோட்டுல நிப்பான். அடுத்தது என்னன்னு புடிபடாது. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா முகம் வெளிறிப் போகும். சோம்பேறின்னு பேசாதவங்க இல்ல. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "இது மடியல்ல சேட்டா"ன்னாங்க. சோம்பல் இல்லயாம். குரல் கேக்குறது மாதிரியே இதுவும் அந்த நோயோட ஒரு பங்குதானாம். ஒரு காரியத்த மனசுல புடிச்சி வெச்சிக்கிட்டே இன்னொண்ணச் செய்யுறதுதான் அவனுக்குக் கஷ்டமாம். மாத்திர அதுக்கு அவ்வளவா ஒதவாதாம், பழக்கம் ஒதவுமாம்.

"எனக்கும்தான் பேரெல்லாம் மறக்குது டாக்டர், எனக்கும் இதுதானா?"ன்னு கேட்டேன்.

"உங்களுக்கு வயசாகுது. அது வேற. மெதுவா வரும், ஆனா வந்துரும்"னு சிரிச்சாங்க.

அந்தப் பழக்கத்தத் துரை தானா உண்டாக்கிக்கிட்டான். கடையில சுவத்தப் பாத்துத்தான் நிப்பான். ரோட்டப் பாக்க மாட்டான். ரேடியோ கூடாது. மேசையில ஒரு வீட்டுத் துணிதான் இருக்கணும், மத்த மூட்டையெல்லாம் மேசைக்குக் கீழ. சட்டைன்னா மொதல்ல காலர், பெறவு தோளு, கை, முதுகு, கடைசியா முன்பக்கம். நடுவுல யாராவது கூப்பிட்டுட்டா போச்சு, இஸ்திரிப் பொட்டிய நிமுத்தி வெச்சிட்டு மறுபடி காலர்லேருந்து தொடங்குவான்.

"தேச்சதயே தேய்க்கியேடா"ன்னு மொதல்ல நான் கத்தியிருக்கேன்.

"எங்க விட்டேன்னு தேடுனா கெடைக்காது அத்தான். மொதல்லேருந்து வந்தா அதுவா வந்துரும்."

இப்ப ஒரு துணி மாறுறது கெடையாது.

எம் மக இசக்கிசெல்விக்குப் பொண்ணு பொறந்ததும் இருபத்தெட்டு கெட்டு பேச்சு வந்துச்சு. இந்த ஊர்க்காரங்க இருபத்தெட்டாம் நாளு புள்ளைக்கு அரையில கறுப்புக் கயிறு கட்டி காதுல பேரு சொல்லுவாங்க. இங்கயே இருந்து எங்களுக்கும் அது வழக்கமாயிப் போச்சு. ஆனா மடி மட்டும் எங்க வழக்கப்படி, தாய்மாமன் மடி. செல்விக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. அப்ப அந்த எடம் செல்வியோட மாமனுக்குத்தான். துரைக்கு.

பள்ளுருத்தியிலேருந்து சம்பந்தியம்மா விசாலாக்ஷி வந்திருந்தாங்க. நல்ல மனுஷி. ஆனா பயம். "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, அவ்வளவு கூட்டத்துல அவருக்குத் திகைச்சிருச்சுன்னா? கையில பச்சப்புள்ள. எங்க அண்ணன் மகன் வெங்கிடேஷ் மடியில வெச்சுக்கிடட்டுமே, அவனும் மாமன் மொறதான்"ன்னாங்க. மாப்பிள்ளை ரமேஷ்பாபுவும் அம்மா சொன்னதுக்குத் தலையாட்டுனாரு. அவருக்கும் அதே பயம்.

துரை வாசப்பக்கம் உக்காந்து சாயா குடிச்சிட்டு இருந்தான். எல்லாம் கேட்டிருக்கு. தம்ளரக் கீழ வெச்சான்.

"நாந்தான் வெப்பேன்"ன்னான்.

நோயில விழுந்த நாள்லேருந்து அவன் எனக்கு இது வேணும்னு கேட்டு நான் பாத்ததே இல்ல. கல்யாணவீடுன்னா சத்தத்துக்குப் பயந்து காதப் பொத்திக்கிட்டு சமையல் பண்ணுற பக்கம் போயி நின்னுக்கிடுவான். அவன் கேக்கான்!

செல்வி உடனே, "துரை மாமாதான். இல்லன்னா கெட்டே வேண்டாம்"ன்னுட்டா.

மறுநாளுலேருந்து கடையில ஒத்திக. டவல உருட்டி மடியில வெச்சுக்கிட்டு, மொதல்ல கயிறு, பெறவு எடது காதுல வெத்தல, வலது காதுல மூணு தடவ பேரு, கடைசியா கன்னத்துல மைப்பொட்டு. துணி வாங்க வந்தவங்களுக்கு ஒரே கூத்து. "எந்தா துரை சேட்டா, டவ்வலினு பேரிடுகயாணோ?" டவலுக்கா பேரு வெக்கிறீங்கன்னு கேலி.

"ஆமா, நாளைக்கி ஒங்க வேட்டிக்கு"ன்னான் துரை. அவனா பேசுறான்னு நான் பொட்டியத் துணியிலயே வெச்சுட்டேன். நல்லவேள, கருகல.

பெறவு சட்டம் போட்டான். அவன் சுவத்தப் பாத்துத்தான் உக்காருவானாம். ஆளுக எல்லாம் பின்னால. பாட்டு கூடாது. போன் சத்தம் கூடாது. தட்டுல சாமான் வரிசையா இருக்கணும்.

"சுவத்தப் பாத்து உக்காந்தா போட்டோ எப்பிடி எடுக்க?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க.

"போட்டோக்காரன் பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிடட்டும்"ன்னா மாயம்மா. தம்பிய யாரும் ஒண்ணு சொல்லிரக் கூடாது அவளுக்கு.

பேரு காதுல விழுறதுக்கு முன்ன வெளிய வரக்கூடாதுல்லா, அதனால செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் துரைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். துரைக்கு மறந்துருச்சுன்னா எடுத்துக் குடுக்க நான் பக்கத்துல இருக்கணும்னு ஏற்பாடு.

அன்னைக்கி வீடு நெறைய ஆளு. நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, போன அணைங்க, போன அணைங்கன்னு சொன்னேன். துரை நான் தேச்சுக் குடுத்த சட்டையில, சுவத்தப் பாத்து சம்மணம் போட்டு உக்காந்தான். செல்வி புள்ளைய மடியில வெச்சா. கயிறக் கட்டுனான், அழகா, எறுக்காம. வெத்தலைய எடுத்து எடது காத மூடுனான். குனிஞ்சான்.

போன் அடிச்சிது. கணீர்னு, மேளச் சத்தத்தோட. யாரு போனுன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. என் சட்டப்பையில.

ஊருக்கெல்லாம் சொன்னேன், என்னோடத அணைக்கல!

நான் தடவித் தடவி அத நிப்பாட்டுறதுக்குள்ள துரை முகம் வெளிறிப் போச்சு. வெத்தல கையிலயே நிக்கி. மெதுவா என்னப் பாத்தான். பேரு போச்சு. எடுத்துக் குடுக்கணும். வாயத் தொறக்கேன், எனக்கும் வரல! "சங்கரி"ங்கேன் மனசுக்குள்ள, இல்ல. மாயம்மா, அது எம் பொண்டாட்டி. என் சொந்தப் பேத்தி பேரு, நாக்கு நுனியில நிக்கி, எறங்க மாட்டேங்கு. பின்னால சம்பந்தியம்மா, "முருகா"ங்காங்க. செல்வி சொல்லிரலாம்னு வாயெடுத்தா. மாப்பிள்ளை புள்ளைய வாங்க எந்திரிச்சிட்டாரு.

துரை ஒரு கையத் தூக்கிக் காட்டுனான். கடையில காட்டுவானே, பொட்டி சூடா இருக்கு கிட்ட வராதேன்னு, அதே மாதிரி.

"யாரும் சொல்லாதீங்க. அத்தான், பதறாதீங்க. நான் மொதல்லேருந்து வாறேன்."

வெத்தலையத் திரும்பத் தட்டுல வெச்சான். புள்ள இடுப்புல கட்டுன கயிறத் தொட்டு, "கயிறு"ன்னான். அவசரமே இல்ல. வெத்தலைய எடுத்து, "எல"ன்னான். எடது காத மூடுனான். குனிஞ்சான்.

"மீனாக்ஷி"ன்னான்.

ரெண்டாந்தடவ இன்னுங் கொஞ்சம் சத்தமா. மூணாந்தடவ தெருவுக்கே கேட்டிருக்கும். "மீனாக்ஷி!" அப்பத்தான் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. டாக்டரம்மா சொன்ன மாதிரியே, மெதுவா. பேத்தி சாவகாசமா ஒரு கொட்டாவி விட்டா.

அவ்வளவுதான், மாப்பிள்ளை கைதட்டுறாரு, சம்பந்தியம்மா கண்ணத் தொடைக்காங்க, மாயம்மா குலவ போட வாயில கைய வெச்சிட்டா.

துரை மறுபடியும் கையத் தூக்குனான்.

"அக்கா, இரு. இன்னும் பொட்டு பாக்கி இருக்கு."

நெசந்தான். தட்டுல மை அப்பிடியே இருக்கு. அவ்வளவு பேரு இருந்தோம், அவனத் தவிர ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்ல. வெரல்ல தொட்டு, மீனாக்ஷி கன்னத்துல வட்டமா ஒரு பொட்டு வெச்சான். தட்டுல வேற ஒண்ணும் இல்லன்னு பாத்துக்கிட்டான். புள்ளையத் தூக்கி, மொதத்தடவையா சுவத்த விட்டுக் கூட்டத்தப் பாத்துத் திரும்பி உக்காந்தான்.

"இப்பப் போடு, அக்கா."

மாயம்மா போட்ட குலவ படகுத்துறை வரைக்கும் கேட்டுச்சாம். சம்பந்தியம்மாவும் கூடச் சேந்து போட்டாங்க. துரை காதப் பொத்தல. ரெண்டு கையிலயும் புள்ள இருந்துச்சுல்லா.