தனக்கே விசில் ஊதிய கோச்

எம்மெட் ஸ்ட்ராடருக்கு வாய் அடங்காது. அதைத் தவிர அந்த மனிதரிடம் குறை சொல்ல எதுவும் கிடையாது. வெதர்பி கல்லூரியில் இலையுதிர் காலத்தில் கால்பந்து, பனி விழுந்ததும் கூடைப்பந்து, இரண்டுக்கும் அவர்தான் கோச். கால்பந்து என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுகிற எங்கள் அயோவாக் கால்பந்து. மைதானத்தில் அவர் கத்தினால் தானியக் கிடங்கின் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பும்.

அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது கோச் யோசனை சொல்லக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் ஃபவுல், எதிரணிக்குக் கூடையில் ஒரு தனி வீச்சு. நல்ல சட்டம்தான், இன்றைக்கும் அப்படியே இருந்தால் காதுக்கு இதம். ஸ்ட்ராடருக்கோ அது வாய்ப்பூட்டு. அவர் மனைவி வில்லா பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் வாய் திறக்கப் போகிற நேரம் பார்த்து ஓர் ஆப்பிள் துண்டை உள்ளே திணிப்பாள்.

அந்த வருஷம் நன்றித் திருநாள் கால்பந்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஹேன்லி கல்லூரியிடம் வெதர்பி தோற்றது. கல்லூரி நிர்வாகக் குழுத் தலைவர் டன்வுடி தானிய வியாபாரி, வார்த்தையை நிறுத்துப் பேசுகிறவர். கூடைப்பந்திலாவது ஹேன்லியை ஜெயித்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வசந்தத்தில் வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். வில்லா அப்போது தலைச்சனைச் சுமந்துகொண்டிருந்தாள்.

ஆட்டத்தன்று பனிப்புயல். ஹேன்லிப் பையன்கள் உறைந்த ஆற்றின் மேலேயே குதிரை இழுக்கிற சறுக்கு வண்டியில் வந்துவிட்டார்கள். அவர்களுடைய கோச் காய்ச்சலில் படுத்துவிட்டார். நடுவர் ஏறிய ரயிலோ எங்கேயோ பனியில் சிக்கிக்கொண்டது. நடுவர் வராவிட்டால் கோச் ஒருவர் விசிலை எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்ட்ராடர் தயங்கினார். ஹேன்லி கேப்டன் கிளைட் மாட் விடவில்லை.

"நீங்களே ஊதுங்க கோச். நீங்க ஏமாத்தினாலும் ஊருக்கே கேக்கற மாதிரி கத்தித்தானே ஏமாத்துவீங்க?"

இரும்புக் கடையின் மாடிதான் ஆடுகளம். மூலையில் அடுப்பு கணகணவென்று எரிந்தது. வில்லா எதிர்ச் சுவரோரம், ஆப்பிளோடு, எட்டாத தூரத்தில். முதல் பாதியில் வெதர்பியின் ரூஃபஸ் அசந்து நிற்கவே, "பின்னாடி பாருடா!" என்று நடுவரான ஸ்ட்ராடரே கத்திவிட்டார். ஸ்ட்ராடர் தன் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டித் தன்னையே எச்சரித்துக்கொண்டார். கூடம் கூரை அதிரச் சிரித்தது.

முடிகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். பந்து ரூஃபஸ் கையில். இடது பக்கம் தன் அணிக்காரன் ஒருவன் தனியாக நிற்பது அவனுக்குத் தெரியவில்லை.

"இடது பக்கம்டா! குடு!" ஸ்ட்ராடரின் குரல்தான்.

கொடுத்தான். பந்து கூடைக்குள் விழுந்தது. சனம் தொப்பிகளை வீசியது. ஸ்ட்ராடர் விசிலை ஊதி, கூடை செல்லாது என்றார்.

டன்வுடி எழுந்துவிட்டார். "யார் மேல ஃபவுல்?"

"என் மேலதான்."

"யாரும் ஒண்ணும் கேக்கலையே, ஐயா."

"ஆத்துக்கு அந்தப் பக்கமே கேட்டிருக்கும், மிஸ்டர் டன்வுடி."

அந்த ஃபவுலுக்குக் கிடைத்த வீச்சைக் கிளைட் மாட் கூடையில் போட்டான். ஒரே புள்ளியில் வெதர்பி தோற்றது.

அவரைப் பெரிய உத்தமர் என்று ஊரில் இப்போது சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை. அன்று அவருக்குத் தன் வாய்மேல் வந்த கோபம், அவ்வளவுதான். பனியில் வீட்டுக்கு நடக்கும்போது வில்லா, ஆப்பிளை அவர் பையிலும் போட்டிருந்ததை நினைவுபடுத்தினாள்.

"விசிலை வெச்சிருக்கற வாயில ஆப்பிளை எப்படிடி வெக்கறது?" என்றார். அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை. அது அவருக்குப் புதிது.

வசந்தத்தில் வேலை போயிற்று. குழந்தை பிறந்த வாரத்தில் கிளைட் மாட் ஒரு வண்டியோடு வந்து நின்றான். தங்கள் கோச் டென்வருக்குப் போய்விட்டார், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டான். தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிவிட வந்தவர்கள் வெதர்பிப் பையன்கள். ரூஃபஸ் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு பாலம்வரை கூடவே நடந்தான்.

மறு பனிக்காலம் ஹேன்லிக்காரராக அதே மாடிக்கு வந்தார். ஆட்டம் இறுகி நிற்கும்போது ஃபவுல் வீச்சுக்கு வெதர்பியின் ரூஃபஸ் கோட்டில் வந்து நின்றான். கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த வில்லாவால் ஆப்பிளை எடுக்க முடியவில்லை. ஸ்ட்ராடர் எழுந்தார்.

"ரூஃபஸ், முழங்காலை மடக்குடா!"

மடக்கினான். பந்து விழுந்தது. கிளைட் மாட் இடுப்பில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தான்.

"கோச், நீங்க இப்ப எங்க ஆளு."