ஓ.டி.யைக் கூப்பிட்ட நாள்

ரத்தினம் எங்கள் கேன்டீனில் பதினோரு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள். நான் அவளுக்குப் பக்கத்தில் காய் நறுக்குகிறவள். ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனி அது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றை வாளியில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போவாள். வாளி விளிம்பில் கரண்டியால் மூன்று முறை தட்டுவாள். எங்கிருந்தோ ஒன்பது நாய்களும் வந்து நிற்கும். எப்போதும் கடைசியாக வருகிற செவலைப் பெட்டைக்கு, ஓவர்டைம் என்பதைச் சுருக்கி, ஓ.டி. என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக் கேட்டதில்லை, ஓ.டி.யை நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவாள்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். நாய் பிடிக்கிற வண்டி இரண்டு நாள் வந்து வெறுங்கையோடு திரும்பியது. வலையைப் பார்த்ததுமே நாய்கள் புதருக்குள் ஓடிவிட்டன. மூன்றாம் நாள் கேன்டீன் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஸ்ரீதர் நேராக ரத்தினத்திடம் வந்தார்.

"நீ தட்டுனா வருமில்ல? தட்டு."

"புடிச்சிகினு போயி இன்னா சார் பண்ணுவாங்கோ?"

"அது உனக்கு இன்னாத்துக்கு? ஆடிட்ல நாய் கண்ணுல பட்டா நமக்கு கான்ட்ராக்ட் கெடையாது. உனக்கும் வேலை கெடையாது."

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். தட்டினாள். எட்டு நாய்கள் வந்தன. ஓ.டி. மட்டும் வண்டியைப் பார்த்துவிட்டுத் தூரத்திலேயே நின்றது. ரத்தினம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நான் கத்தியும் கையுமாக நின்று பார்த்தேன். ஒன்பதையும் வலை போட்டுப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்ரீதர் மீது வந்த கோபத்தில் பாதி என் மீதுதான் வந்திருக்க வேண்டும்.

"அழுவலாம்னு பாத்தேன்க்கா, வரல" என்றாள் ரத்தினம். மீதித் தட்டுகளையும் கழுவி அடுக்கிவிட்டுத்தான் போனாள்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. ஸ்ரீதர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அவளுக்கு மட்டும் இரண்டு.

"பக்கத்து கம்பெனி கேன்டீனும் நம்ம கான்ட்ராக்ட்தான். அங்க ஒரு டஜன் நாய் கீது, யார்கிட்டயும் வர மாட்டேங்குது. பத்து நாள் போயி நீ சோறு போடு, பழகிடும்" என்றார்.

ரத்தினம் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"சோறு இங்கேர்ந்தே எடுத்துகினு போவட்டுமா சார்?" என்று கேட்டாள்.