மொட்டைமாடியில் காயவைத்த சூரணம்

என் மகளின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர், அடுத்து கேட்டது ஒன்றுதான்: "வீட்டுல நாட்டு மருந்து ஏதாவது குடுக்கறீங்களா?"

கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று மாதமாக, காலையும் மாலையும் தேனில் குழைத்து. கையெல்லாம் கரப்பான் புண் வெடித்து, பரீட்சையில் பேனா பிடிக்க முடியாமல் அழுதவள் அவள். எந்தக் களிம்புக்கும் அடங்காதது, ஊரிலிருந்து ஒரு சித்த வைத்தியர் அனுப்பிய சூரணத்தில் ஆறியது. பிறகுதான் வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்துக்கொண்டே போனது.

மீதிச் சூரணத்தை, நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி சால்ட் லேக்கில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தேன். முடிவு வாங்கப் போன அன்று, அங்கிருந்த வங்காளி அதிகாரி காகிதத்தை என் பக்கம் திருப்பினார். ஈயம் இருந்தது.

"சீல் உடைக்காத பாக்கெட் இருக்கா, தாதா?"

இல்லை. பார்சல் வந்ததும் பிரித்து, பழைய மிச்சத்தின் மேலேயே எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"எப்படி வெச்சிருந்தீங்க?"

மழை ஈரத்தில் கட்டிதட்டியதால், வெயில் வந்த ஒருநாள் மொட்டைமாடியில் தாம்பாளத்தில் பரப்பினேன் என்றேன். சொல்லும்போதுதான் ஞாபகம் வந்தது. பூஜைப் பண்டிகைக்காகப் பெயின்ட் அடிக்க, அன்றுதான் மாடிக் கைப்பிடிக் கம்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சூரணத்தின் மேல் விழுந்த தூசியை வாயால் ஊதிவிட்டு அள்ளி வந்தவன் நான். அதையும் சொன்னேன்.

"பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். மருந்துலயும் இருந்திருக்கலாம். கலந்த பிறகு எது எங்கேருந்து வந்ததுன்னு எங்களால சொல்ல முடியாது."

வெளியே வந்து வைத்தியருக்குப் போன் செய்தேன்.

"என் மருந்துல ஈயமா? உங்களுக்கு அனுப்ப இடிச்சதுலேருந்துதான் தம்பி என் பேத்திக்கும் குடுத்தேன். அவ ஓடியாடிக்கிட்டு இருக்கா."

"அதுல கொஞ்சம் பிரிக்காம அனுப்புங்க ஐயா, டெஸ்ட் பண்ணிடலாம்."

"அது தீர்ந்து மாசமாச்சே."

சூரணத்தை நிறுத்திவிட்டோம். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதற்குள் அவள் விரல் இடுக்குகள் சிவந்துவிட்டன. நேற்று சொறிந்தபடியே கேட்டாள்:

"அப்பா, அது மருந்தா, விஷமா?"

"தெரியலம்மா."

"தூர்!" என்று வங்காளிப் பிள்ளைகளைப் போலச் சலித்துக்கொண்டாள். "டெஸ்ட் பண்ணினியே!"

தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.