வேன் கூரையில் சுரண்டிய இடம்

பக்கத்து வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த மணத்தோடு நாலு பேர் நினைவுக்கு வந்துவிட்டார்கள். நான். என்னோடு ரேடியோ பூட்டிய கணேசன். கிண்ணியாவில் நோயாளர் வேன் ஓடிய நாசர் நானா. அவர் மனைவி பரீதா, எட்டு மாதம். வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஐந்து.

அப்போது பாலம் இல்லை. பாதைதான், ஃபெரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. ஒரு பாதை போய்விட்டால் அடுத்தது வரும்வரை நோயாளியோடு கரையில் நிற்க வேண்டும். வேனுக்கு ரேடியோ அதற்காகத்தான். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே சொன்னால் துறையடியில் பாதையைப் பிடித்து வைப்பார்கள். பரீதாவுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை அந்தக் கரையில், இதே வேனுக்குள், மூச்சில்லாமல் பிறந்தது. நானா சொல்லவில்லை. துறையடித் தேத்தண்ணிக் கடையில் கேட்டது.

முதல் நாள் கூரையில் துளை போட்டு, சுற்றிவரத் தகரம் தெரியச் சுரண்டிவிட்டு வந்தோம். மறுநாள் அன்டெனாவைப் பூட்டி, மீட்டரைக் கொழுவி, மைக்கை அமத்தினேன். அனுப்புவது வெளியே போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டரின் முள் காட்டும். ஒன்றுக்குக் கிட்ட நின்றால் நல்லது. மூன்றைத் தாண்டி நின்றது. துறையடியில் சத்தமே கேட்கவில்லையாம்.

கணேசன் இரும்பு அறுக்கும் வாளை எடுத்தான். "கம்பி நீளமடா. வெட்டுவம்."

"வெட்டினாத் திரும்ப முளைக்குமே? பொறு."

எனக்கும் காரணம் தெரியாது. மீட்டரைத் தட்டினேன். ரேடியோவையும் தட்டினேன். தெரியாதவன் செய்வது அதுதானே.

வேனைத் துடைத்துக்கொண்டிருந்த நானா சிரித்தார். "என்னத்தத் தேடுறீங்க தம்பி? நீங்க சுரண்டிப்போட்டுப் போன இடத்துக்கெல்லாம் நான் நேத்தே பெயின்ட் அடிச்சிட்டன். உப்புக் காத்து, கறள் புடிச்சிரும். தகரக் கலர்லயே ரெண்டு கோட்!"

கணேசன் வாளைக் கீழே வைத்தான். "நானா, அன்டெனாட கால் தகரத்தில முட்டோணும். பெயின்டுக்கு மேல நிண்டா வேலை செய்யாது."

"திரும்பச் சுரண்டவா? ஏலாது. புது வேன் மாதிரி வெச்சிரிக்கன்."

தேத்தண்ணி கொண்டுவந்த பரீதா தட்டை வேன் படியில் வைத்தார். "வேன்ட வடிவயா நான் பெறப் போறன்? சுரண்டுங்க."

நானா என் கையில் இருந்த அரத்தாளை வாங்கி, தானே ஏறித் தேய்த்தார். பிள்ளைக்கு முழுக வார்ப்பதுபோல, மெல்ல. நாங்கள் அன்டெனாவைத் திரும்பப் பூட்டியதும் மைக்கைப் பிடித்தார்.

"பாதையப் புடிச்சி வைங்க."

துறையடியிலிருந்து குரல் வந்தது. "ஓம், கேக்குது. ஆருக்கு நானா?"

"இன்னும் ஒரு மாசத்தில சொல்றன்."

சொன்னார். பாதை காத்து நின்றது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மகள் பிறந்து அழுதாள். இப்போது அவள் பாலத்தால் ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிறாள். கரையில் யாரும் காத்து நிற்பதில்லை.

பாதை இல்லை. தேத்தண்ணிக் கடை இல்லை. வேன் பழைய இரும்புக்குப் போனது. கணேசன் கனடாவில். நானாவும் போய்விட்டார். மீட்டர் என் அலுமாரியில் கிடக்கிறது, முள் அசையாது. அன்று நானா தேய்த்து இறங்கிய பிறகு அது நின்ற இடம் மட்டும் மறக்கவில்லை.

ஒன்று தசம் இரண்டு.