ஸ்கேல் கட்டிய கை

முப்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்றதும் பென்ஷன் எவ்வளவு என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். திருக்கோகர்ணத்து டீம் ஒன்றில் சுழற்பந்து போட்டுக்கொண்டிருந்தேன், நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்கிறேனே தவிர, இன்றைக்கும் ஃபேன் சுவிட்சைப் போடக் கை நீட்டினால் கண் முழங்கைக்குத்தான் போகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலும் அதே கதை. எரிச்சலாக வருகிறது.

கறம்பக்குடியில் ஒரு டோர்னமெண்ட். அன்று என் பந்து நன்றாகத் திரும்பியது. அவர்களுடைய ஓப்பனர், என்னைவிடச் சின்னவன், பந்தைத் தொட முடியாமல் தடவிக்கொண்டிருந்தான். ஒரு பந்து ஸ்டம்பை ஒட்டிப் போனதும் மட்டையை என் பக்கம் நீட்டினான்.

"அம்பயர் சார், இவரு மாங்கா அடிக்கிறாரு. கையைப் பாருங்க."

மாங்காய்க்குக் கல்லெறிவதுபோல முழங்கையை மடக்கி எறிகிறேன் என்று பொருள். பந்து போடுகிறவனை இதைவிடக் கேவலமாகப் பேச முடியாது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்திருப்பேன். அம்பயர் நோபால் கொடுக்கவில்லை. ஆனால் மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? "கறம்பக்குடியில மாங்கா சீசன் ஆரம்பிச்சிருச்சுங்கோ" என்றார். மைதானமே சிரித்தது. அதன்பிறகு எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் போய் நின்றது.

எங்கள் கேப்டன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஒருநாள் காலையில் கடையிலிருந்து இரண்டு மர ஸ்கேல்களைக் கொண்டுவந்தான். என் முழங்கைக்கு இரண்டு பக்கமும் வைத்து, கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டினான். இனி நானே நினைத்தாலும் கை மடங்காது. "போடுறா" என்றான். போட்டேன். பந்து எப்போதும்போலத் திரும்பியது. டீமே கூடி நின்று செல்போனில் படமெடுத்து, டோர்னமெண்ட் கமிட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். "இப்ப எவனாவது பேசட்டும்டா" என்று கேப்டன் மார்தட்டினான்.

எனக்குத்தான் நிம்மதி போனது. ஸ்கேல் கட்டிய கை மடங்காது என்பதைத்தானே காட்டியிருக்கிறோம்? கட்டாத கை? ஊரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்கேல் இல்லாமல் போடுவதையும் படமெடுக்கச் சொல்லி, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சமயம் நேராகத் தெரிந்தது. மறுபடி பார்த்தால் மடங்கின மாதிரி இருந்தது.

அடுத்த மேட்சில் ஓடி வரும்போதே மனசு முழங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் பந்து பேட்ஸ்மேன் தலைக்கு மேல் போனது. அடுத்தது பாதி வழியிலேயே உருண்டது. வெட்கத்தை விட்டு அம்பயரிடம் கேட்டேன்.

"ஸ்கேலைக் கட்டிக்கிட்டுப் போடலாமாங்க?"

"என்னப்பா, கிண்டலா?" என்றார்.

அந்த ஓவரோடு ஷூவைக் கழற்றினேன்.

போன மாதம் கறம்பக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தான் அந்த ஓப்பனர். தொப்பை போட்டிருந்தது, குரல் மட்டும் மாறவில்லை.

"அண்ணே, என்னையத் தெரியுதா? இப்பல்லாம் பந்து போடுறதில்லையாமே, ஏண்ணே?"

சோறு பிசைந்த கை நின்றுவிட்டது. நீயா கேட்கிறாய் என்று சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. என் கையைக் குறை சொன்ன முதல் ஆள் அவன். அவன் என்ன பார்த்தான் என்று தெரிந்துகொள்ள எத்தனை நாள் தவித்திருப்பேன்.

"தம்பி, உண்மையச் சொல்லு. அன்னைக்கு என் கை மடங்குச்சா?"

அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தான்.

"கையை யாருண்ணே பாத்தா? பந்து இங்கிட்டு வருமா அங்கிட்டுப் போகுமான்னே ஒண்ணும் புரியல. அவுட்டாயிருவோம்னு பயம். வாய்க்கு வந்ததச் சொன்னேன். அதையா இன்னும் மனசுல வச்சிருக்கீங்க?"

"சேச்சே, சும்மா கேட்டேன்" என்றேன். இத்தனை நாளும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

பாயசம் வந்தது. அவனே எனக்கும் சேர்த்து வாங்கி வைத்தான். டம்ளரைத் தூக்கினேன். கண் முழங்கைக்குப் போய்விட்டது.