செல்வி அக்காவின் கையும் ஈரம் காக்கும் ஜெல்லும்

ஆராய்ச்சி மாணவி என்றால் குடுவையை உயர்த்திப் பிடித்துச் சிரிப்பவள் என்று நினைப்பவர்கள் கல்லூரி விளம்பரம் மட்டும் பார்த்தவர்கள். குடுவை கழுவியே விரல் வெளுத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்குக் கிளை?

நான் செய்வது தீப்புண்ணுக்கான ஜெல். புரதத்தின் குட்டித் துண்டுக்குப் பெப்டைடு என்று பெயர். அதை நேர்நூலாக விடாமல் மரம்போலக் கிளைக்க வைத்தால், கிளைகள் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கும். புண் காயாமல் தோல் வளரும் என்பது எங்கள் நம்பிக்கை. சிவகாசி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பட்டாசு ஏஜெண்டிடம் இதை மூச்சுவிடாமல் விளக்கினேன். திருத்தங்கல்லில் இறங்கும்போது கேட்டார்: "எல்லாஞ் சரி தாயி, தீபாவளி சீசனுக்குள்ள வந்துருமா?"

வெயிலில் ஒரு கை

எங்கள் ஊர் நாரணாபுரத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா பட்டாசுக்குத் திரி செருகுபவள். ஒரு பொறி பட்டு வலது கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் களிம்பு பூசிக் கட்டி அனுப்பினார்கள். மறுவாரம் போனால், கட்டைப் பிரித்துக் கையை வெயிலில் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்! விரல்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. புண் காயவே கூடாது என்று குதித்தேன். பட்டாசுக் கம்பெனியில் பசை ஒட்டிய காகிதக் குழாயைக் காயப்போடாமல் அடுத்த வேலை கிடையாதே, கைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்றாள். "ஈரமா இருந்தா சரக்கே வீணுன்னு எங்க போர்மேன் சொல்வாரு. நீ எந்தக் கம்பெனி போர்மேனு, புள்ள?"

வரிசையில் முதல் ஆள்

ஒருவழியாக அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். "ஒன் ஜெல்லக் கொஞ்சம் கொண்டாயேன், இந்த வெரலு மடங்காமப் போனா எனக்குப் பொழப்பு ஏது?" என்றாள். கடைவாசல் காயின் போனில் என் பேராசிரியரோடு சண்டை போட்டேன். எலிக்கே இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, அதற்கான அனுமதியே வரவில்லை, மனுஷக் கையில் தடவுவாயா என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் கோபம் கூடியது. அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்: "எனக்கு முன்னாடி எலி நிக்குதாக்கும்! அதையாச்சும் சீக்கிரம் கவனிங்க, பாவம்."

அனுமதி வந்தது

தீபாவளி கழிந்து, எலிக்குப் போட்டுப் பார்க்க மட்டும் அனுமதி வந்தது. சொல்ல ஓடினேன். அக்கா மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்; வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது, திரி செருகுவது இடது கையால். கம்பெனி வேனுக்குள் ஏறிக்கொண்டே கேட்டாள்: "என் கை போகட்டும் புள்ள. அடுத்து வேகுறவளுக்காச்சும் வந்துருமா?"

ஆக, சக அவதிக்காரர்களே, எங்கள் தொழிலில் ஜெல் உறைய ஒரு ராத்திரி போதும். கோப்பு நகரத்தான் ஒரு தீபாவளி போதாது.